வாடகைப் பாத்திரக் கடைக்கு டேட்டாபேஸ்: டேபிள்களுக்கு நடுவே உறவு போடும் முறை

படிப்பு முடிந்ததும் திருநெல்வேலியிலேயே இருந்து கடைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கலாம் என்று இறங்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். டேபிள் உருவாக்க, ஃபீல்டு சேர்க்க உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு டேபிளுக்கும் இன்னொரு டேபிளுக்கும் என்ன உறவு என்று பிடிப்பதில்தான் பெரும்பாலான வேலை சிக்கிக்கொள்கிறது. நானும் அதில் நிறையவே கஷ்டப்பட்டிருக்கிறேன். உறவு பிசகினால் ஸ்கிரீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாக்கிக் கணக்கு ஒத்துவராது. கடை அண்ணாச்சி ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பழையபடி நோட்டை எடுத்துக்கொள்வார்.

உதாரணத்துக்குப் பந்தல், பாத்திரம், சேர் வாடகைக்கு விடும் கடையை எடுத்துக்கொள்கிறேன். பாளையங்கோட்டையிலிருந்து வள்ளியூர், களக்காடு வரை எல்லா ஊரிலும் இருக்கும் தொழில் இது. உறவுகளில் வரக்கூடிய சிக்கல்களில் முக்கால்வாசி இந்த ஒரு கடைக்குள்ளேயே வந்துவிடும். வாழைக்காய் மண்டிக்கோ ஒர்க்‌ஷாப்புக்கோ செய்தாலும் முறை இதுவேதான்.

1. முதலில் காகிதங்களைச் சேருங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம். கடையில் இருக்கும் எல்லா நோட்டையும் கேட்டு வாங்குங்கள். ஆர்டர் எழுதும் நோட்டு, சாமான் போன சிட்டை, திரும்பி வந்த சிட்டை, உடைந்தது தொலைந்தது எழுதிய நோட்டு, வாடகை ரேட் அட்டை, பில் புக், பாக்கிப் பேரேடு. சில கடைகளில் இவை எல்லாம் ஒரே நோட்டில் முன்பக்கம் பாதி, பின்பக்கம் பாதியாக இருக்கும். அதுவும் சரிதான்.

தை, ஆவணி மாதிரி முகூர்த்த மாதம் ஒன்றிலிருந்தும், மார்கழி மாதிரி ஓய்ந்த மாதம் ஒன்றிலிருந்தும் பக்கங்களை எடுங்கள். கோயில் கொடைக்குச் சாமான் போன பக்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாணக் கணக்கும் கொடைக் கணக்கும் ஒரே மாதிரி இருக்காது. கல்யாணத்துக்கு ஒரு குடும்பம் பொறுப்பு. கொடைக்கு ஊரோ கமிட்டியோ பொறுப்பு, அடுத்த வருஷம் தலைவர் மாறியிருப்பார்.

சுத்தமாக எழுதிய பக்கத்தைவிட அடித்தல் திருத்தல் உள்ள பக்கம் நமக்கு அதிகம் சொல்லும். நான் பார்த்த ஒரு சிட்டையில் சேர் 300 என்று எழுதி, அடித்து, 350 என்று போட்டிருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில், ‘50 பேட்டை கல்யாணத்துல இருந்து நேரே போச்சு’. அந்த ஐம்பது சேரும் குடோனுக்கு வரவே இல்லை, ஒரு விசேஷத்திலிருந்து நேராக அடுத்த விசேஷத்துக்குப் போயிருக்கிறது. இப்படி ஒரு வழக்கம் இருப்பதை அண்ணாச்சி வாயால் சொல்லமாட்டார். அவருக்கு அது சாதாரண விஷயம். நோட்டின் ஓரம்தான் சொல்லும்.

நோட்டில் வாடிக்கையாளர் போன் நம்பர்கள் இருக்கும். போட்டோ எடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

செலவு என்று பார்த்தால் இந்தக் கட்டத்தில் வெள்ளைத்தாள், பென்சில், ரப்பர் போதும். பிறகு டேபிள்களையும் உறவுகளையும் படமாக வரைய டிரா.ஐஓ இலவசம். போஸ்ட்கிரெஸ்கியூஎல், எஸ்கியூலைட், மைஎஸ்கியூஎல்லின் கம்யூனிட்டி பதிப்பு என்ற டேட்டாபேஸ் மென்பொருள் மூன்றுக்குமே காசு கிடையாது. யாராவது ‘டேட்டாபேஸ் லைசென்ஸ்’ என்று சொல்லிச் சின்னக் கடைக்காரரிடம் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

2. எது என்டிட்டி, எது வெறும் விவரம்

நோட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்ச்சொற்களை வட்டம் போடுங்கள். வாடிக்கையாளர், விசேஷம், சாமான், வண்டி, லோடுமேன், மண்டபம், பணம் வாங்கியது. தனக்கென்று இரண்டு மூன்று விவரங்கள் இருந்து, பல இடங்களில் வந்து போவது என்டிட்டி. விசேஷம் நடக்கும் ஊரின் பெயர் வெறும் விவரமாக இருக்கலாம். ஆனால் முக்கூடல் என்றால் வண்டி வாடகை இவ்வளவு, அம்பாசமுத்திரம் என்றால் இவ்வளவு என்று அட்டை வைத்திருக்கும் கடையில் ஊரும் என்டிட்டிதான்.

இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். அடுத்த படியில் தப்பு தானாகத் தெரிந்துவிடும்.

3. ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு பக்கத்திலிருந்தும் கேளுங்கள்

இரண்டு என்டிட்டிக்கு நடுவே கோடு போடுவதற்கு முன் இரண்டு கேள்வி. ஒரு வாடிக்கையாளருக்கு எத்தனை விசேஷம் இருக்கலாம்? ஒரு விசேஷத்துக்கு எத்தனை வாடிக்கையாளர் இருக்கலாம்? புதிதாக வருகிறவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். ‘ஒன்றுக்குப் பல’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எதிர்ப்பக்கக் கேள்வியில்தான் சங்கதி இருக்கிறது.

கேட்கும் விதமும் முக்கியம். ‘வழக்கமாக எத்தனை பேர்’ என்று கேட்டால் வழக்கமான பதில்தான் வரும். ‘எப்பவாவது’ என்று கேளுங்கள்.

“அண்ணாச்சி, ஒரு கல்யாணத்துக்கு ஒருத்தர் பேர்லதான எழுதுவீங்க?”

“ஆமா தம்பி, ஒருத்தர் பேர்லதான்.”

“எப்பவாவது ரெண்டு பேர் பணம் குடுத்திருக்காங்களா?”

“அது குடுப்பாவ. மாப்பிள்ளை வீட்டுல பாதி, பொண்ணு வீட்டுல பாதி. பாக்கி யாருதுன்னுதான் பின்னால சண்டை வரும்.”

இந்த ஒரு பதிலுக்காகத்தான் கேட்கிறோம். இப்போது உங்களுக்கு இரண்டு வழி. விசேஷத்துக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே பலவுக்குப் பல என்று வைத்து, யார் எந்தப் பொறுப்பு என்று எழுதலாம். இல்லாவிட்டால் விசேஷத்துக்கு ஒரே ஒரு பில் பேர் வைத்துக்கொண்டு, பணம் வாங்கிய ஒவ்வொரு வரியிலும் (டேபிளில் ஒரு பதிவைத்தான் வரி என்கிறேன்) கொடுத்தவர் யார் என்று தனியாகக் குறிக்கலாம். சின்னக் கடைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பாக்கிக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டும், பணம் யார் கையிலிருந்தும் வரலாம் என்பது கடையின் நடைமுறை. டேபிளும் அப்படியே இருக்கட்டும்.

4. கட்டாயமா, இல்லாமலும் இருக்கலாமா

எத்தனை வரை என்று கேட்டாயிற்று. அப்புறம், குறைந்தது எத்தனை என்று கேட்க வேண்டும். சாமான் வரி ஒன்றுகூட இல்லாமல் ஒரு விசேஷம் பதிவாகுமா? ஆகும். தை முகூர்த்தத்துக்குத் தேதியை மட்டும் பிடித்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள், சாமான் லிஸ்ட் சமையல் மாஸ்டர் சொன்ன பிறகு வரும். ஆகவே இங்கே குறைந்தபட்சம் பூஜ்யம். வாடிக்கையாளர் இல்லாமல் விசேஷம் இருக்குமா? இருக்காது. விசேஷ டேபிளில் வாடிக்கையாளரின் எண்ணைக் காட்டும் ஃபீல்டுதான் ஃபாரின் கீ, அது காலியாக இருக்க விடக்கூடாது.

படத்தில் இதைக் கோட்டின் நுனியில் காட்டுவார்கள். வட்டம் என்றால் இல்லாமலும் இருக்கலாம், குறுக்குக் கோடு என்றால் ஒன்று, காக்கைக்கால் மாதிரி மூன்றாகப் பிரிந்தால் பல.

பணம் வாங்கிய வரிக்கு இந்தக் கேள்வியை நிதானமாகக் கேளுங்கள். ‘ஒவ்வொரு பணமும் ஏதோ ஒரு விசேஷத்துக்குத்தானே’ என்று தோன்றும். கேட்டரிங் மாஸ்டர்கள் அப்படிக் கொடுக்கமாட்டார்கள். ஒரு மாதத்தில் நான்கு கல்யாணத்துக்குச் சாமான் எடுத்துவிட்டு மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். அந்தப் பணம் எந்த விசேஷத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுத, பணத்துக்கும் விசேஷத்துக்கும் நடுவே ஒரு டேபிள் வேண்டும். பணம் வரி ஒன்று, பிரித்த வரி நான்கு. முதல் நாளே இதைப் போட்டுவிட்டால் ஒரு மணி நேர வேலை. ஆறு மாதம் கழித்துச் சேர்க்கப் போனால் பழைய பணம் அத்தனையையும் கையால் பிரிக்க வேண்டியிருக்கும்.

5. பலவுக்குப் பல: இங்கே நிதானம் வேண்டும்

ஒரு விசேஷத்துக்குப் பல சாமான் போகும். ஒரு சாமான் பல விசேஷத்துக்குப் போகும். இரண்டு டேபிளை மட்டும் வைத்து இதை எழுத முடியாது. விசேஷ டேபிளுக்குள் ‘சேர் எண்ணிக்கை’, ‘அண்டா எண்ணிக்கை’, ‘ஜமக்காளம் எண்ணிக்கை’ என்று ஃபீல்டு சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். கடைக்காரர் புதிதாக இட்லிக் கொப்பரை வாங்கினால் நீங்கள் போய் டேபிளை மாற்ற வேண்டும். ‘சேர் 200, அண்டா 4’ என்று கமா போட்டு ஒரே ஃபீல்டில் எழுதுவதும் உதவாது. நாளைக்கு எத்தனை சேர் கையில் இருக்கிறது என்று கேட்டால் பதில் எடுக்க முடியாது.

நடுவில் ஒரு டேபிள் போட வேண்டும். எல்லாப் பாடத்திலும் இருப்பதுதான். பாடத்தில் அந்த நடு டேபிளில் விசேஷ எண், சாமான் எண் இரண்டையும் மட்டும் போட்டு முடித்துவிடுவார்கள். கடையில் அந்த நடு டேபிளில்தான் தொழிலே நடக்கிறது.

முதலாவது, வாடகை ரேட். சாமான் டேபிளில் இன்றைய ரேட் இருக்கட்டும். ஆனால் ஆர்டர் எழுதும்போது அந்த ரேட்டை நடு டேபிளின் வரியிலும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், சேர் வாடகையை 8 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் கடைக்காரர் ஏற்றும் அன்று, போன வருஷத்துப் பில் எல்லாம் தானாக மாறி நிற்கும். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதுகிறோமே என்று கவலைப்படாதீர்கள். இன்றைய ரேட்டும் அன்று பேசிய ரேட்டும் வெவ்வேறு விஷயங்கள். ரேட், தொகை எதுவானாலும் டெசிமல் வகையில் வையுங்கள், எண்ணைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வேண்டாம்.

இரண்டாவது, பேசியதும் போனதும் ஒன்றல்ல. ஒரு கல்யாணத்துக்கு 200 சேர் என்று பேச்சு. முதல் நாள் சாயங்காலம் குட்டியானையில் 150 போகிறது, மறுநாள் காலையில் 50. பந்தி நேரத்தில் கூட்டம் அதிகம் என்று போன் வந்து இன்னும் 30 போகிறது. ராத்திரி 180 திரும்புகிறது, அடுத்த நாள் 46. பேசியது 200, போனது 230, வந்தது 226, காணாதது 4. இதை ஒரே வரியில் திருத்தித் திருத்தி எழுதினால் அந்த நான்கு சேர் எங்கே விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் பேசிய கணக்குக்கு ஒரு டேபிள், நகர்வுக்கு ஒரு டேபிள் என்று பிரித்துவிடுங்கள். நகர்வு வரியில் எந்தச் சாமான், எத்தனை, எந்த இடத்திலிருந்து, எந்த இடத்துக்கு, எந்த வண்டி, எப்போது என்று இருக்கட்டும். இடம் என்பது குடோனாக இருக்கலாம், ஒரு விசேஷமாகவும் இருக்கலாம். பேட்டை கல்யாணத்திலிருந்து நேரே போன ஐம்பது சேரும் இதில் அழகாக உட்கார்ந்துவிடும். இடத்துக்கென்று ஒரு டேபிள் போட்டு, ஒவ்வொரு விசேஷத்துக்கும் அதில் ஒரு வரி உண்டாக்கினால், ‘இருந்து’, ‘வரை’ என்ற இரண்டு ஃபாரின் கீயும் அதே டேபிளைக் காட்டும். ஒரு டேபிளிலிருந்து இன்னொரு டேபிளுக்கு இரண்டு உறவு இருப்பதில் தப்பே இல்லை. இரண்டுக்கும் பேர் மட்டும் தெளிவாக வையுங்கள்.

மூன்றாவது, நடு டேபிளின் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் கீ. விசேஷ எண்ணும் சாமான் எண்ணும் சேர்ந்ததே கீ என்று பல பாடங்கள் சொல்லும். அப்படி வைத்தால் ஒரு விசேஷத்தில் ஒரு சாமான் ஒரு முறைதான் வரலாம். நிச்சயதார்த்தச் சாப்பாட்டுக்கு ஒரு நாள் வாடகையில் 100 சேர், அதே கணக்கில் கல்யாணத்துக்கு இரண்டு நாள் வாடகையில் 200 சேர் என்று கேட்பார்கள். இரண்டாவது வரியை டேட்டாபேஸ் ஏற்காது. இங்கே வரிக்கென்று தனி எண் கொடுத்துவிடுவது நல்லது.

நான்காவது, தேதி. விசேஷத் தேதியை வைத்து இருப்பைக் கணக்கிடாதீர்கள். சாமான் முந்தின நாளே போய்விடும், மறுநாள்தான் வரும். பேசிய வரியில் போகும் நாள், வரும் நாள் இரண்டும் வேண்டும். ஒரு விசேஷத்துக்குச் சாமான் போகும் நாளுக்கு முன் மற்றொன்றின் சாமான் வந்திருந்தால்தான் தேதி மோதல் இல்லை. சாமான் வரும் நாளிலேயே அடுத்த விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்தால் அதையும் மோதலாக எடுத்து எச்சரிக்கை காட்டுங்கள், முடிவைக் கடைக்காரர் எடுக்கட்டும்.

‘சமையல் செட்’ என்று ஒரே பேரில் அண்டா, கரண்டி, வாளி எல்லாம் சேர்த்துக் கொடுக்கும் கடையில், செட்டும் ஒரு சாமான், உள்ளே இருப்பதும் சாமான். சாமான் டேபிளுக்கும் அதே சாமான் டேபிளுக்கும் நடுவே ஒரு உறவு வரும். எந்த செட், எந்த உறுப்பு, எத்தனை என்று மூன்று ஃபீல்டு போதும்.

6. கீ எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது

போன் நம்பரை வாடிக்கையாளரின் பிரைமரி கீயாக வைக்காதீர்கள். அப்பாவும் மகனும் ஒரே நம்பர் கொடுப்பார்கள், நம்பர் மாறும். பேரை வைக்கவே முடியாது. நம் பக்கத்தில் ஒரே தெருவில் மூன்று இசக்கிமுத்து இருப்பார்கள். தானாக ஏறும் எண்ணை வையுங்கள். தேடுவதற்குப் பேர், ஊர், தெரு, போன் நான்கும் இருக்கட்டும். போன் நம்பரை எண் வகையில் வைக்காமல் எழுத்து வகையில் வையுங்கள்.

பில் எண்ணும் பிரைமரி கீக்கு ஆகாது. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடையில் பில் எண் வரிசையாகப் போக வேண்டும், ஒரே நிதியாண்டுக்குள் இரண்டு முறை வரக்கூடாது, 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. ஏப்ரல் பிறந்ததும் பல கடைகள் திரும்ப 1-லிருந்து தொடங்கும். பில் எண் தனி ஃபீல்டாக இருக்கட்டும், நிதியாண்டும் அதுவும் சேர்ந்து திரும்ப வராதபடி யூனிக் போடுங்கள்.

ஃபாரின் கீ எழுதிவிட்டோம், அது வேலை செய்யும் என்று நம்பிவிட வேண்டாம். எஸ்கியூலைட்டில் அந்தச் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் பழைய மைஐசாம் வகை டேபிளில் ஃபாரின் கீ எழுதினால் பிழை காட்டாது, அமல்படுத்தவும் செய்யாது. இன்னோடிபி வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் கண்டிப்பாகச் சோதிக்கும், ஆனால் ஃபாரின் கீ ஃபீல்டுக்கு இண்டெக்ஸை (தேடலை வேகமாக்கும் பட்டியலை) தானாகப் போடாது. அதை நீங்கள் போட வேண்டும். எதில் செய்தாலும், இல்லாத வாடிக்கையாளர் எண்ணைக் கொடுத்து ஒரு விசேஷத்தைப் பதிவு செய்து பாருங்கள். ஏற்றுக்கொண்டால் எங்கோ கோளாறு.

7. அழித்தால் என்ன ஆகும்

ஒவ்வொரு கோட்டுக்கும் இந்தக் கேள்வி உண்டு. ‘கேஸ்கேட்’ என்று போட்டால் வாடிக்கையாளரை அழிக்கும்போது அவருடைய விசேஷம், சாமான் வரி, பணம் வாங்கிய கணக்கு எல்லாம் சேர்ந்து போய்விடும். கடையில் வேலை பார்க்கும் பையன் ஒரே பேர் இரண்டு முறை வந்திருக்கிறதே என்று ஒன்றை அழிப்பான், பத்தாயிரம் ரூபாய் பாக்கி சத்தமில்லாமல் காணாமல் போகும். பணம் சம்பந்தப்பட்ட எந்த உறவிலும் கேஸ்கேட் வேண்டாம், தடை போடுங்கள். ‘இப்போது பயன்பாட்டில் இல்லை’ என்று குறிக்க ஒரு ஃபீல்டு போதும். ஒரே ஆள் இரண்டு முறை பதிவானால் இரண்டையும் இணைப்பதற்கு ஒரு ஸ்கிரீன் செய்து கொடுங்கள், கட்டாயம் தேவைப்படும்.

8. கூட்டுத்தொகை பெருகும் பொறி

ஒரு விசேஷத்தின் கீழ் சாமான் வரிகள் ஒரு பக்கம், பணம் வாங்கிய வரிகள் இன்னொரு பக்கம். இந்த மூன்று டேபிளையும் டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரே கேள்வியில் (க்வெரி) ஜாயின் செய்து, அதாவது இணைத்து, கூட்டினால் தொகை தப்பாக வரும். சாமான் வரி 4, பணம் வரி 2 என்று வையுங்கள். ஒன்று 5,000, மற்றொன்று 3,000. ஜாயின் செய்ததும் 8 வரி கிடைக்கும், 8,000 ரூபாய் அட்வான்ஸ் 32,000 ஆகத் தெரியும். சாமான் தொகையும் இரண்டு மடங்காகும். உறவு சரிதான், கேட்ட விதம்தான் தப்பு. சாமானைத் தனியாகக் கூட்டுங்கள், பணத்தைத் தனியாகக் கூட்டுங்கள், பிறகு விசேஷத்தோடு இணையுங்கள். ஒரே ஒரு பணம் வரி, ஒரே ஒரு சாமான் வரி உள்ள விசேஷத்தில் சோதித்தால் இந்தத் தப்பு கண்ணில் படவே படாது.

9. பழைய பக்கங்களைப் போட்டுப் பாருங்கள்

ஸ்கிரீன் செய்வதற்கு முன் படத்தைத் தாளில் வரைந்து கடைக்காரர் முன் வையுங்கள். டேபிள், கீ என்று பேசாமல், ‘அண்ணாச்சி, இந்தக் கணக்குப்படி ஒரு பணத்தை நாலு விசேஷத்துக்குப் பிரிக்கலாம், சரியா?’ என்று கோடு கோடாக வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் நீங்கள் சேர்த்த பக்கங்களில் மிகச் சிக்கலானவற்றை, அடித்தல் திருத்தல் உள்ளவற்றை எடுத்து டேபிள்களில் கையால் பதியுங்கள். எங்காவது ‘குறிப்பு’ ஃபீல்டில் எழுதித் தப்பிக்க வேண்டியிருந்தால் அங்கே ஒரு உறவு விடுபட்டிருக்கிறது. ஓரத்தில் எழுதிய ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு இடம் கிடைக்கும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

10. எப்போது தொடங்குவது, எவ்வளவு கேட்பது

மார்கழிதான் தோது. முகூர்த்தம் கிடையாது, சாமான் எல்லாம் குடோனில் இருக்கும், எண்ணி இருப்பு எழுதலாம். ஆடியிலும் முகூர்த்தம் இல்லைதானே என்று நினைக்காதீர்கள். ஆடியில் அம்மன் கோயில் கொடை வரிசையாக வரும், பந்தலும் சீரியல் லைட்டும் வெளியே போய்விடும்.

நோட்டு படிக்க, கேள்வி கேட்க, படம் வரைய என்று ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். அந்த வாரத்துக்கும் சேர்த்துத்தான் கூலி பேச வேண்டும். ‘கோடு போடுறதுக்கா காசு’ என்று கேட்பார்கள். பாக்கிச் சண்டையையும் காணாத சேரையும் சொல்லுங்கள், புரியும். பணத்தை மூன்று தவணையாகப் பிரிப்பது இருவருக்கும் நல்லது. படம் ஒத்துக்கொண்டதும் ஒன்று, பழைய பக்கங்கள் ஒத்துவந்ததும் ஒன்று, ஒரு முகூர்த்த மாதம் ஓடி முடிந்ததும் ஒன்று. அந்த முகூர்த்த மாதம் முழுக்க நோட்டிலும் எழுதச் சொல்லுங்கள். தினமும் ராத்திரி கடை சாத்துவதற்கு முன், நோட்டில் உள்ள பாக்கியையும் ஸ்கிரீனில் உள்ள பாக்கியையும் அண்ணாச்சியோடு உட்கார்ந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் அன்றைக்கே தேடுங்கள். மறுநாள் முகூர்த்தம் என்றால் அதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருக்காது.